நீர் நிற்க, அலை நடக்கும்

குளத்தில் கல் விழுந்தால் வட்ட வட்டமாக அலை கிளம்பிக் கரை வரை வருகிறது. அப்போது நீரின் மேல் மிதக்கும் ஒரு சருகைக் கவனிக்க வேண்டும். அலை வந்ததும் சருகு எழுகிறது, சற்று முன்னே போகிறது, இறங்குகிறது, பின்னே வருகிறது. அலை கடந்த பிறகு ஏறக்குறையப் பழைய இடத்திலேயே கிடக்கிறது. கல் விழுந்த இடத்து நீர் கரைக்கு வரவே இல்லை. ஒரு துளி பக்கத்துத் துளியை அசைத்தது, அது அடுத்ததை அசைத்தது; அந்த அசைவு கைமாறிக் கைமாறிக் கரை சேர்ந்தது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆற்றல் மட்டும் பயணம் போவதுதான் அலை.

இது நடக்க இரண்டு இயல்புகள் வேண்டும். நிலை குலைந்த பொருளைப் பழைய நிலைக்கு இழுக்கும் விசை ஒன்று. பழைய நிலைக்கு வந்ததும் சட்டென்று நிற்க விடாத நிலைமம் இன்னொன்று. மேடாக எழுந்த நீரைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இறங்கும் நீர் சமமட்டத்தில் நிற்காமல் அதையும் தாண்டிப் பள்ளமாகிறது. பள்ளத்தைச் சுற்றியுள்ள நீர் நிரப்ப வருகிறது. இந்தத் தடுமாற்றமே அலையின் உயிர். மிகச் சிறிய சிற்றலைகளில் மட்டும் ஈர்ப்பின் வேலையை நீரின் பரப்பு இழுவிசை எடுத்துக்கொள்கிறது. முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் என்பது இரண்டுக்கும் இடையிலான எல்லை. கம்பியில் அந்த விசை கம்பியின் இழுப்பிலிருந்தும், காற்றில் அழுத்தத்திலிருந்தும் வருகிறது.

பொருளின் துகள் எந்தப் பக்கம் அசைகிறது என்பதை வைத்து அலைகள் இரண்டு வகைப்படும். கிணற்றுக் கயிற்றின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் உதறினால் கயிறு மேலும் கீழும் ஆட, அலை நீளவாக்கில் ஓடும். இது குறுக்கலை. நிற்கும் சரக்கு ரயிலில் எஞ்சின் வந்து முட்டினால், முதல் பெட்டி இரண்டாவதை இடிக்க, அது மூன்றாவதை இடிக்க, ‘டக் டக்’ என்ற ஓசை கடைசிப் பெட்டி வரை ஓடும். அசைவும் அலையும் ஒரே திசையில் போகும் இது நெட்டலை. காற்றில் வரும் ஒலி இந்த வகை. காற்று நெருங்கியும் தளர்ந்தும் அந்த நெருக்கமும் தளர்ச்சியும் காது வரை வருகின்றன.

கடலலை இரண்டும் கலந்தது. அதில் நீர்த்துகள் வட்டமடிக்கிறது. மேற்பரப்பில் வட்டம் பெரிது. ஆழம் போகப் போகச் சுருங்கி, அலைநீளத்தில் பாதி அளவு ஆழத்தில் அசைவு அநேகமாக அடங்கிவிடுகிறது. 100 மீட்டர் நீள அலை மேலே புரட்டியெடுக்கும்போதும் 50 மீட்டருக்குக் கீழே நீர் அமைதியாகவே இருக்கும்.

திண்மத்தின் உள்ளே இரு வகை அலைகளும் செல்லும். திரவத்தின் உள்ளே நெட்டலை மட்டுமே செல்லும், ஏனெனில் பக்கவாட்டில் நழுவும் ஒரு படலத்தை அடுத்த படலம் பிடித்து இழுப்பதில்லை. இந்தச் சின்ன வேறுபாடு பூமியின் வயிற்றைத் திறந்து காட்டியது. நிலநடுக்கம் இரு வகை அலைகளையும் எழுப்புகிறது. பூமியின் நடுப்பகுதியைக் கடக்கும் வழியில் குறுக்கலைகள் மட்டும் காணாமல் போயின. 1906 இல் ரிச்சர்ட் ஓல்டாம் பூமிக்கு ஓர் உட்கரு உண்டு என்பதை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து காட்டினார். 1926 இல் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் அது திரவம் என்று நிறுவினார். அதன் மையத்தில் இன்னொரு உட்கரு இருப்பதை 1936 இல் இங்கெ லேமன் கண்டார். யாரும் துளைத்துப் பார்க்க முடியாத ஆழம் அது.

அலையை அளக்கச் சில சொற்கள் போதும். சமமட்டத்திலிருந்து முகட்டின் உயரம் வீச்சு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். ஓரிடத்தை ஒரு நொடியில் எத்தனை முகடுகள் கடக்கின்றன என்பது அதிர்வெண். இதன் அலகு ஹெர்ட்ஸ். ஒரு முகடு கடந்து அடுத்தது வர ஆகும் நேரம் அலைவுநேரம். அலை சுமக்கும் ஆற்றல் வீச்சின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். வீச்சு இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். ரயில்வே கேட்டில் நிற்பவர் நொடிக்கு எத்தனை பெட்டி கடக்கிறது என்று எண்ணி, பெட்டியின் நீளத்தால் பெருக்கினால் ரயிலின் வேகம் கிடைப்பது போலத்தான். பள்ளியில் சூத்திரமாக மனப்பாடமாகும் இந்த உறவில், எதை யார் தீர்மானிக்கிறார் என்பது முக்கியம். அதிர்வெண் மூலத்தின் கையில் இருக்கிறது. ஒரு தந்தி நொடிக்கு 200 முறை அதிர்ந்தால் அலை எங்கே போனாலும் அந்த 200 மாறாது. வேகம் ஊடகத்தின் கையில் இருக்கிறது. ஒலி 20 டிகிரி செல்சியஸ் காற்றில் நொடிக்கு 343 மீட்டர், நீரில் சுமார் 1480 மீட்டர், எஃகில் 5000 மீட்டருக்கும் மேல் செல்கிறது. ஊடகம் எவ்வளவு விறைப்பாக மீள்கிறதோ அவ்வளவு வேகம். எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதம். இந்த இரண்டும் முடிவானபின் மிஞ்சுவதே அலைநீளம். மனிதக் காதுக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி, காற்றில் 17 மீட்டர் முதல் 1.7 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. 

காற்றில் எல்லாச் சுரமும் ஒரே வேகத்தில் போகிறது. அதனால்தான் கச்சேரியில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தே கேட்கின்றன. ஆழ்கடலின் வழக்கம் வேறு. அங்கே நீண்ட அலை வேகமாக ஓடும், குட்டை அலை பின்தங்கும். 100 மீட்டர் நீள அலை நொடிக்கு 12.5 மீட்டர் போனால், 400 மீட்டர் நீள அலை 25 மீட்டர் போகும். எங்கோ புயல் கிளப்பும் கலவையான அலைகளில் நீண்டவை முன்னே ஓடி, ஒழுங்கான வரிசையாகப் பிரிந்து தூரத்துக் கரையை அடைகின்றன. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று சொல்வது இதைத்தான். உள்ளூரில் காற்றில்லை, மழையில்லை, வானம் வெளுத்திருக்கிறது. கடல் மட்டும் திருடனைப் போல ஊருக்குள் நுழைகிறது. பல நாட்களுக்கு முன் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் நீளலைகள் அவை.

தடையில் மோதும் அலை திரும்புகிறது. ஒலி குறைந்தது 17 மீட்டர் தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்பினால் பத்தில் ஒரு நொடி இடைவெளி கிடைத்து, எதிரொலி தனியாகக் கேட்கும். இருட்டில் பறக்கும் வௌவால் இந்த ஒரு விதியை நம்பி வாழ்கிறது.

வேகம் மாறும் இடத்தில் அலை வளைகிறது. இதைக் காணக் கடற்கரையே போதும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் கரைக்கு வரும் முகடுகள் கரைக்கு ஏறத்தாழ இணையாகவே வந்து விழுகின்றன. ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைகிறது. சாய்வாக வரும் முகட்டின் ஒரு முனை முதலில் ஆழமற்ற நீரை அடைந்து தயங்குகிறது. ஆழத்தில் இருக்கும் மறுமுனை அதே வேகத்தில் வருகிறது. முகடு முழுவதும் கரைப்பக்கம் திரும்புகிறது. சாய்வு முழுதாகத் தீர்ந்துவிடுவதில்லை. மிச்சமுள்ள சாய்வு மணலைக் கரையோரமாகத் தள்ளுகிறது. சோழமண்டலக் கரையில் அந்தத் தள்ளல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது. 1876 இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் கடலுக்குள் நீட்டிய சுவர் இதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அலைகள் மணலைக் கொண்டுபோகும் வழியை மறித்தால் அது எங்கோ ஓர் ஊரின் கரையில் வந்து விடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒலியும் வளையும். பகலில் தரையோரக் காற்று சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் அது மேல்நோக்கி வளைந்து தப்பிவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்து நிலைமை தலைகீழாகிறது. ஒலி கீழ்நோக்கி வளைகிறது. பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி பகலில் கேட்காமல் இரவில் கேட்பதற்கு ஊரடங்கிய அமைதியோடு இந்த வளைவும் காரணம்.

தடையைச் சுற்றியும் அலை வளையும். இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். எவ்வளவு வளையும் என்பதைத் தடையின் அளவையும் அலைநீளத்தையும் ஒப்பிட்டே சொல்ல முடியும். சுவருக்கு அப்பால் பேசுபவரின் குரல் கேட்கிறது, முகம் தெரிவதில்லை. குரலின் அலைநீளம் ஒரு மீட்டர் அளவில் இருப்பதால் சுவரின் ஓரத்தைச் சுற்றி வருகிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆகவே அது நேராகவே போகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பொடித் துளைகள் நிறைந்த உலோகத் தகடு இருக்கும். உள்ளே சுழலும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் துளை அதற்கு வெறும் சுவர். ஒளிக்கோ அது அகலத் திறந்த வாசல். உள்ளே இருக்கும் உணவு தெரிகிறது, சூடாக்கும் அலை வெளியே வருவதில்லை.

ஒளி அலையா, துகளா என்ற நீண்ட வழக்கில் இந்த விளைவே சாட்சி சொன்னது. 1817 இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி ஒளியின் விளிம்பு விளைவை விளக்க ஒரு போட்டி அறிவித்தது. அகுஸ்தான் ஃபிரெனெல் என்ற இளம் பொறியாளர் ஒளியை அலையாகக் கொண்டு ஒரு கணக்கைச் சமர்ப்பித்தார். நடுவர்களில் ஒருவரான கணித மேதை புவாசோன் துகள் கட்சிக்காரர். அவர் ஃபிரெனெலின் கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோய், இது சரியென்றால் வட்டமான தகட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும், இது நடக்கக்கூடியதா என்று கேட்டார். தகட்டின் விளிம்பைச் சுற்றி வளையும் அலைகள் எல்லாம் மையத்துக்குச் சமதூரம் கடந்து வருவதால் அங்கே முகடும் முகடுமாகச் சேரும் என்பதே கணக்கின் பொருள். மற்றொரு நடுவரான அரகோ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தகட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நிழலின் நடுவே புள்ளி ஒளிர்ந்தது. பரிசு ஃபிரெனெலுக்குப் போனது. பொய்யென்று காட்ட எழுப்பிய கேள்வியே மெய்ப்பித்த இந்தச் சோதனை, அறிவியல் வரலாற்றின் மிக நேர்மையான தருணங்களில் ஒன்று.

அந்தப் புள்ளியின் பின்னால் இருக்கும் விதி மேற்பொருந்துதல். இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சந்தித்தால் இடப்பெயர்ச்சிகள் கூடும்: முகடும் முகடும் சேர்ந்தால் உயரும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் அழியும். கடந்தபின் இரண்டும் எதுவும் நடக்காதது போலத் தத்தம் வழியே போய்விடும். இரு மனிதர்கள் இப்படி ஒருவருக்குள் ஒருவர் நடந்து போக முடியாது; அலைக்கும் பொருளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. தம்புராவைச் சுருதி சேர்ப்பவர் இந்த விதியைக் காதால் பயன்படுத்துகிறார். சாரணி, அனுசாரணி என்ற இரு தந்திகளும் ஒரே சுருதிக்கு வர வேண்டும். நொடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசம் இருந்தால் ஒலி நொடிக்கு இரண்டு முறை விம்மித் தணியும். விம்மல் மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் ஒலி அசையாமல் நிற்கும்போது சுருதி சேர்ந்துவிட்டது.

இரு முனையும் கட்டப்பட்ட தந்தியில் போகும் அலையும் திரும்பும் அலையும் மேற்பொருந்தி, நகராத ஓர் அலை உண்டாகிறது. அதில் சில புள்ளிகள் ஆடுவதே இல்லை; அவை கணுக்கள். இப்படி நிற்கும் அலைக்குத் தந்தியின் நீளம் அரை அலைநீளங்களின் முழு மடங்காக இருந்தாக வேண்டும். எனவே தந்தி எல்லா அதிர்வெண்ணிலும் பாடாது. அடிப்படை ஒன்று, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்கான வரிசையில் மட்டும் பாடும். வீணையில் 24 மெட்டுகள். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் பாதியில் நிற்கிறது; அங்கே அழுத்தினால் நீளம் பாதியாகி அதிர்வெண் இரட்டிக்கிறது, மேல் ஸ்தாயியின் சட்ஜம் பேசுகிறது. பிரடையை முறுக்குவது இழுப்பைக் கூட்டி அலையின் வேகத்தைக் கூட்டும் வேலை.

தோலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலின் மேற்சுரங்கள் அடிப்படையின் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்கு என்று தாறுமாறாக வரும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகள் முழங்குகின்றன, சுரம் பேசுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை பேசுகிறது. இதன் காரணத்தை சி.வி. இராமன் ஆராய்ந்து, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920 இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பின்னர் 1930களில் விரிவாகத் தொடர்ந்தார். ரகசியம் நடுவில் ‘சோறு’ எனப்படும் கறுப்புப் பூச்சில் இருக்கிறது. கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சோற்றோடு குழைத்து, மெல்லிய பூச்சாகத் தடவி, தேய்த்து, காய்ந்தபின் மறுபடி தடவி, நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவுமாகக் கட்டுவார்கள். இந்தக் கனம் ஒவ்வோர் அதிர்வு முறையையும் வேறு வேறு அளவில் தாமதப்படுத்துகிறது. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி அதிர விட்டால் மணல் ஆடாத கணுக்கோடுகளில் போய் ஒதுங்கும். அந்தக் கோலங்களைக் கொண்டு இராமன், முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தே ஒழுங்கான சுரங்களாகக் கூடிக்கொள்வதைக் காட்டினார். ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலில் லேசாக ஊன்றுகிறது. விரல் ஊன்றிய இடம் ஆட முடியாது. அதன் வழியே ஒரு கணுக்கோடு விழுகிறது. அதற்கேற்ற சுரம் மட்டும் எழுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்தும் கேட்டும் கைவினைஞர்கள் வந்து சேர்ந்த அளவு, சமன்பாட்டின் விடையோடு பொருந்துகிறது.

மூலமோ கேட்பவரோ நகர்ந்தால் கேட்கும் சுருதி மாறும். 1842 இல் கிறிஸ்டியான் டாப்ளர் இதைக் கணித்தார். 1845 இல் பைஸ் பாலோட் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் ஊதுகருவிக் கலைஞர்களை ஏற்றி, இருப்புப்பாதை ஓரம் சுருதி ஞானமுள்ளவர்களை நிறுத்திச் சரிபார்த்தார். நெருங்கும் ரயிலின் முகடுகள் நெருக்கமாகவும் விலகும் ரயிலின் முகடுகள் தளர்வாகவும் வந்து சேர்கின்றன. விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதை அளப்பதும் இதே விளைவுதான்.

இதுவரை சொன்ன அலைகளுக்கு ஒரு பொருள் வேண்டும். காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குடுவைக்குள் மணியோசை அடங்கிப்போவதை 17 ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பாயில் காட்டினார். ஒளிக்கு மட்டும் அந்தத் தேவை இல்லை. மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும் எழுப்பி, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்கின்றன. மாக்ஸ்வெல் 1860களில் கணக்கில் கண்டதை ஹெர்ட்ஸ் 1887–88 இல் சோதனையில் காட்டினார். ஒளி குறுக்கலை என்பதற்கு ஒரு பொலராய்டு கண்ணாடி போதிய சான்று. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமானது; அதை மட்டும் தடுக்கும் கண்ணாடி வழியே பார்த்தால் கூச்சம் மறைந்து நீரின் அடி தெரியும். நெட்டலையை இப்படி வடிகட்ட முடியாது.

வேகம், நீளம், வளைவு என்று தனித்தனியாகப் பார்த்த எல்லாமே ஒரே காலையில் ஒன்றாக நடந்த நாள் 2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடல்தரை உடைந்தது. உடைப்பு வடக்கு நோக்கி 1200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. காற்று எழுப்பும் அலையின் நீளம் சில நூறு மீட்டர். இங்கே எழுந்த ஆழிப்பேரலையின் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வங்கக் கடலின் 4 கிலோமீட்டர் ஆழம் அதன் முன் ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர். அத்தகைய அலையின் வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கும்: 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். உடைப்பு நடந்த சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் மேலே கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள், திறந்த கடலில் அலையின் உயரத்தை 60 சென்டிமீட்டர் அளவில் பதிந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பரவிய 60 சென்டிமீட்டர் மேட்டை எந்தப் படகும் உணர்ந்திருக்க முடியாது.

கரையை நெருங்கும்போது முன்பகுதி தயங்க, பின்பகுதி விரைந்து வந்து சேர்ந்தது. அதிர்வெண் மாறாது, அலைவுநேரம் 20 நிமிடம் என்றால் கரையிலும் அது 20 நிமிடம்தான். வேகம் குறைந்ததால் அலைநீளம் 240 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகச் சுருங்கும். சுருங்கிய நீளத்துக்குள் அதே ஆற்றல் அடங்க வேண்டியிருப்பதால் உயரம் பல மடங்காகும். அப்போதும் அது 12 கிலோமீட்டர் நீளம். சாதாரண அலை சில நொடிகளில் வந்து உடைந்து திரும்பும். நாகப்பட்டினத்தில் கடல் நிமிடக்கணக்கில் உள்ளே வந்துகொண்டே இருந்தது. தமிழ்நாட்டில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அது. உடைப்புக்கு நேர் எதிரே இல்லாத கேரளக் கரையும் தப்பவில்லை. இலங்கையையும் குமரி முனையையும் சுற்றி அலை வளைந்து வந்தது. இத்தனை நீள அலைக்கு அந்தத் தீவு ஒரு சுவரே அல்ல.

கடல்தரை உடைந்தபோது கிளம்பிய நிலநடுக்க நெட்டலை, சென்னைக்கு உள்ள ஏறத்தாழ 2000 கிலோமீட்டரை நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு கடந்தது. நீரலை வந்து சேர சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பயன்படுத்த அன்று இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடும் இல்லை. 2007 இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கப் பதிவு முதல் தகவலைத் தருகிறது. நீர் உண்மையில் எழுந்ததா என்பதை ஆழ்கடலின் தரையில் வைத்த அழுத்தமானிகள் சொல்கின்றன. மேலே புயலே அடித்தாலும் காற்றலையின் அசைவு அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. அதன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலையில் மட்டும் மேற்பரப்பு முதல் தரை வரை நீர் முழுவதும் அசைகிறது. நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அதன் எடையைக் கருவி உணர்ந்து, மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியலையாக அனுப்புகிறது. மிதவை அதை ரேடியோ அலையாக்கிச் செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறது.